ஏறியதா, ஏற்றினார்களா?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கரியைப் பற்றவைத்து இஸ்திரிப் பெட்டி சூடாவதற்காக நின்றுகொண்டிருந்தேன். சுந்தரேசன் சாரின் மைத்துனர் சைக்கிளில் வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் இறங்கினார்.

"வசந்தா, அத்தான் சட்டை தேச்சாச்சா?"

"ரெண்டு சட்டை குடுத்திருக்காரு. நாளைக்குப் போதும்னாரே. சாயங்காலம் தர்றேன்னு சொல்லுங்க."

"இப்பவே வேணும்மா. ஒண்ணு போதும்."

"அப்படி என்ன அவசரம்? திரும்பவும் மேடைக்கு எழுதக் கூப்பிட்டுட்டாங்களா?"

அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். "விடியக்காலம் போயிட்டாரும்மா. நெஞ்சு அடைக்குதுன்னு எழுந்து உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. அவ்வளவுதான். கடை தொறந்ததும் புதுச்சட்டை வாங்கிட்டு வர்றேன்னேன். அக்கா வேணாங்குது. வசந்தா தேச்ச சட்டையைத்தான் போட்டு அனுப்பணுமாம்."

பெட்டி அதற்குள் சூடாகியிருந்தது. சட்டையை விரிக்கும் முன் பையில் கை விட்டுப் பார்த்தேன். சார் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கும். எடுக்க மறந்து தேய்த்தால் மை துணியில் ஏறிவிடும் என்பதால் எனக்கு அது பழக்கம். அன்றைக்குப் பை காலியாக இருந்தது. காலர், கை, முதுகு, முன்பக்கம் என்று வழக்கமான வரிசையில் தேய்த்து மடித்துக் கொடுத்தேன். மைத்துனர் காசுக்காகத் தன் பையைத் துழாவினார். "இருக்கட்டும், போங்க" என்றேன். அவர் போன பிறகுதான் அழுதேன்.

சாருக்காக ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீயும் எழுத வேண்டும் என்று அவர் மனைவி பங்கஜம் அம்மா கேட்டார். நான் ஐந்தாவது வரை படித்தவள். இதில் எழுதுகிற மற்றவர்கள் அவரிடம் டுடோரியலில் பொருளாதாரம் படித்தவர்கள், அவரோடு கட்சியில் இருந்தவர்கள். அவர்களுக்கெல்லாம் அவர் எழுதிய பேச்சு தெரியும். அந்தப் பேச்சு எப்படி உண்டானது என்பது எனக்குத்தான் தெரியும். என் மகள் சுதா எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள். சொல்லை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று இதைப் படித்தால் தெரியும்.

எங்கள் ஊர் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. எம்.எல்.ஏ.வின் வேட்டி சட்டை எல்லாம் என்னிடம்தான் வரும். அவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தவர் சார். ஒருநாள் அந்த வேட்டிக்காகக் காத்து நின்றவர், கையிலிருந்த காகிதத்தைத் தனக்குத் தானே வாசித்துக்கொண்டிருந்தார். "உள்நாட்டு மொத்த உற்பத்தி" என்று வந்தது. என்னையறியாமல் பெட்டியை நிறுத்திவிட்டேன்.

"என்ன சார், யாரையோ திட்டுற மாதிரி இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "பணவீக்கம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"வீக்கம்னா ஒத்தடம் குடுக்கணும் சார். எந்த இடத்துல வீக்கம்?"

இதற்கு அவர் சிரித்த சிரிப்பில் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விலைவாசி ஏறிப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றார். அதை அப்படியே சொன்னால் என்ன என்று கேட்டேன். "விலை ஏறிப்போச்சுன்னா ஜனம் கோவப்படும் வசந்தாம்மா. வீக்கம்னு சொன்னா, டாக்டர் பாத்துக்குவார்னு பேசாம இருக்கும்" என்றார்.

மறுநாளிலிருந்து, எழுதிய பேச்சை என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் வாசிப்பார். நான் அவரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, கருத்தும் சொல்லக் கூடாது. துணியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டி நின்ற இடத்தில் காகித ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் போட்டுக்கொள்வார். அது இஸ்திரிப் பெட்டியாம். "முகம் மரியாதைக்குத் தலையாட்டும். கைக்கு அந்த மரியாதை தெரியாது" என்பார். புரியாததால் நின்றதா, மனதில் பட்டதால் நின்றதா என்பதை நான் பெட்டியைத் திரும்ப எடுக்கிற வேகத்தை வைத்துக் கண்டுபிடிப்பாராம். எனக்கே தெரியாத சங்கதி அது.

கோடிக் கணக்குக்கு அவர் பேச்சில் இடம் இல்லாமல் போனது இப்படித்தான். இத்தனை கோடி, அத்தனை கோடி என்று ஒரு பக்கம் முழுக்க வாசித்தார். பெட்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"கோடின்னா உங்களுக்கு என்னம்மா தோணுது?"

"தப்பா நெனைக்காதீங்க சார். எனக்குச் சாவுக்குப் போடுற கோடித்துணிதான் ஞாபகம் வருது."

அந்தப் பக்கத்தை அங்கேயே குறுக்கே அடித்துவிட்டார். எம்.எல்.ஏ.வுக்கு வருத்தம். "கோடி சொல்லாம பட்ஜெட்டைப் பத்தி எப்படி சார் பேசுறது? கவுன்சிலர்னு நெனச்சிருவாங்களே" என்று அலுவலக வாசலில் நின்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. சார் அதற்குப் பதிலாக ஒரு மூட்டை யூரியாவைப் பற்றி எழுதிக் கொடுத்தார். போன பட்டத்தில் அந்த மூட்டையை வாங்க எவ்வளவு நெல் விற்க வேண்டியிருந்தது, இந்தப் பட்டத்தில் எவ்வளவு என்று. அன்றைக்குக் கடைத்தெருவில் கைதட்டல் அடங்கவே நேரமானது. எம்.எல்.ஏ. அதற்குப் பிறகு கோடி கேட்கவில்லை.

ஒருமுறை பையில் இருந்த காகிதத்தை எடுக்க மறந்து நான் பெட்டியை வைத்துவிட்டேன். கடைசிப் பக்கம் கருகிப்போனது. பயந்துகொண்டே நீட்டினேன். சார் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாக்குறுதி மட்டும்தான் எரிஞ்சிருக்கு. எப்படியும் எரியப்போறதுதான், விடுங்க" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. அவர் கட்சி அப்போது எதிர்க்கட்சி. பேச்சில் "விலையை ஏற்றிவிட்டார்கள்" என்று வாசித்தார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நீங்கள் ஆட்சியில் இருந்தபோதும் விலை ஏறத்தானே செய்தது, அப்போது எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா மாட்டுனேன். அப்ப 'விலை ஏறியுள்ளது'ன்னு எழுதுனேன்."

"அதென்ன சார் வித்தியாசம்?"

"இதுதாம்மா மேடைப் பொருளாதாரமே. அவங்க ஆட்சியில விலையை ஏத்துறாங்க. நம்ம ஆட்சியில அது தானா ஏறிடுது. அவங்க வேலையப் பறிக்கிறாங்க. நம்மகிட்ட வேலை குறைஞ்சிடுது. எந்தக் கட்சிக்காரன் பேசுனாலும் அந்த வார்த்தையோட வாலைப் பாருங்க. செஞ்சவன் இருக்கானா, ஓடிட்டானான்னு தெரிஞ்சிடும்."

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ரேடியோவில் யார் பேசினாலும் சாரும் நானும் வாலைப் பிடிப்போம். "ஓடிட்டான் சார்" என்பேன். "பிடிங்க பிடிங்க" என்பார்.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று சுதா கேட்டாள். சாரே இதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆகையால் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் குத்தகைக்குச் செய்கிறார். அந்த வருஷம் சம்பா கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைத்துவிட்டது. தேறியதைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சுதாவுக்கு முந்தின வருஷம்தான் நாகப்பட்டினம் பக்கத்தில் கல்யாணம் முடித்திருந்தோம். சம்பந்தி வீட்டார் வளைகாப்பு பேச நான்கு பேராக வருகிறார்கள் என்று முதல்நாள் போன் வந்தது. வீட்டில் ரேஷன் அரிசிதான் இருந்தது. நாங்கள் சாப்பிடுவோம், அதில் ஒன்றும் குறைவில்லை. நெல் விளைகிற வீடு என்று பார்த்துப் பெண் எடுத்தவர்களுக்கு அதை எப்படி வடித்துப் போடுவது? அடுத்த வீட்டில் இரண்டு படி பொன்னி அரிசி கேட்டு வாங்கிச் சமைத்தேன். சம்பந்தியம்மா, "உங்க வீட்டு நெல்லா? சோறு மல்லிப்பூ மாதிரி இருக்கே" என்றார்கள். ஆமாம் என்றேன்.

அந்த "ஆமாம்" என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. வண்டிக்கு வந்து, தேய்த்துக்கொண்டே சாரிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். காகிதம் எதையும் எடுக்கவில்லை. அதைத்தான் நான் பெரிதாக நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் தேரடியில் கூட்டம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். எம்.எல்.ஏ. குரலைத் தாழ்த்தினார். "நெல் விளைவித்த வீட்டில், சம்பந்திக்குச் சோறு போட, இரண்டு படி அரிசிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறாள் ஒரு தாய். இதுதான் உங்கள் பொருளாதாரமா?" என்று கேட்டார். கூட்டம் விசில் அடித்தது. என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அரிசி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். சம்பந்தியின் தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்.

இரண்டாம் நாள் சுதா போன் செய்தாள். "ஏம்மா, நம்ம வீட்டு அடுப்படி மைக்ல பேசுதாமே? எங்களுக்குப் போட்டது கடன் சோறான்னு அத்தை கேக்குறாங்க. நான் என்னம்மா சொல்றது?" அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறிக்காமல் இழுத்தடித்தார்கள்.

சார் சட்டையோடு வந்தார். "கரி இல்ல சார்" என்றேன். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது, அவர் பார்த்தார். மறுவாரமும் கரி இல்லை என்றேன். மூன்றாவது முறை அவர் நகரவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. எழுதுற வேகத்துல அது வந்து விழுந்துடுச்சு."

நான் பெட்டியை நிறுத்தினேன். "விழுந்துச்சா சார்? போட்டீங்களா?"

அவருக்கு முகம் இறுகிப்போய்விட்டது. எதிரே பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு, "நான்தான் போட்டேன். கைதட்டு வரும்னு தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார். சட்டையை வைக்காமலே திரும்பிப் போனார்.

அன்றைக்கு மதியமே அவர் நாகப்பட்டினம் பஸ் ஏறியது எனக்குத் தெரியாது. சுதா சொல்லித்தான் தெரியும். சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினாராம். "உங்களுக்கு நல்ல சோறு போடணும்னு அந்தம்மா ஆசைப்பட்டாங்க. அதை என்னை நம்பிச் சொன்னாங்க. நான் மேடையில கொண்டுபோய் வித்துட்டேன். கோவப்படுறதா இருந்தா என் மேல படுங்க" என்று சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்களாம். "வளைகாப்புக்கு நாங்களே அரிசியைக் கொண்டுவந்துடுறோம், மைக் மட்டும் வேணாம்னு சொல்லுங்க" என்றார்களாம். சொன்னபடியே ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார்கள். வளைகாப்புக்கு சார் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பந்தியில் சம்பந்தியம்மாதான் அவருக்குச் சோறு போட்டார். "எழுதிக்கங்க, இது எங்க வீட்டு அரிசி" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

அதன்பிறகு யாருடைய வீட்டுச் செய்தியை எழுதினாலும், அவர்களிடமே போய் வாசித்துக் காட்டி, எழுதலாமா என்று கேட்ட பிறகுதான் மேடைக்குக் கொடுத்தார். இது அவரோடு கட்சியில் இருந்தவர்களுக்குத் தெரியும். "சார் பேச்சு எழுதறாரா, பத்திரம் பதியறாரா?" என்று கேலி செய்தவர்களும் இதைப் படிப்பார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. சாரின் கட்சி வந்தது. பக்கத்துக் கிராமத்தில் கொள்முதல் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் திறப்பு. எம்.எல்.ஏ.வுக்குப் பழைய கைதட்டல் ஞாபகம் இருந்திருக்கிறது. "அன்று அரிசிக்குக் கையேந்திய தாயின் வீட்டில் இன்று நெல் குதிர் நிறைந்திருக்கிறது" என்று முடிக்கச் சொன்னாராம். சார் காகிதத்தோடு என்னிடம் வந்தார். வாசித்துவிட்டு முக்கோணம் போடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"நிறைஞ்சிருக்கா வசந்தாம்மா?"

"குதிர் ஏது சார்? அந்த மூலையில பழைய டி.வி. பொட்டி இருக்கு. இந்த வருஷம் நெல்லு பரவாயில்ல. வித்ததுல உரக்கடைக்கும் அறுப்பு மிஷினுக்கும் போக சாப்பாட்டுக்கு நிக்கும். நிறையல."

"எழுதலாமா?"

"சாப்பாட்டுக்கு நிக்குதுன்னு எழுதிக்கங்க."

அதைத்தான் எழுதிக் கொடுத்தார். எம்.எல்.ஏ. கோபப்படவில்லை. நயமாகவே கேட்டார். "ஒரு வரிதானே சார். யாருக்கு என்ன நஷ்டம்?" வாசலில் நின்ற காருக்கும் என் வண்டிக்கும் நடுவில் நடந்த பேச்சு இது. சார் சொன்னார்: "அந்த வரிக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. தரமாட்டேன்னுட்டாங்க." எம்.எல்.ஏ. என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவர் எழுதி அனுப்பினார். சாரை அதன்பிறகு யாரும் எழுதச் சொல்லவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, கட்டடத் திறப்பு அன்றைக்குத் தூரத்தில் மைக் சத்தம் வந்தபோது அவர் என் வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த எனக்குத் தெரியும். எழுதாத அந்த வரியை எம்.எல்.ஏ. மனப்பாடமாகச் சொல்லியேவிட்டார். கைதட்டலும் வந்தது.

"நான் எழுதலம்மா" என்றார் சார்.

"தெரியும் சார். நெறைஞ்சிருக்குன்னு சொன்னாரு. நீங்க எழுதியிருந்தா யாரு நெறைச்சான்னு இருந்திருக்கும்."

அவர் சிரித்தார். கண் கலங்கியும் இருந்தது. "ஓடிட்டான்" என்றார். "பிடிக்க முடியல சார்" என்றேன்.

அதற்குப் பிறகும் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். எம்.எல்.ஏ. வேட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது, சார் சட்டை மட்டும் வந்தது. மேடை இல்லாவிட்டாலும் சும்மா எதையாவது எழுதிப் பையில் வைத்திருப்பார். பட்ஜெட் நாளில் யாரும் கேட்காத பேச்சு ஒன்றை எழுதிக் கொண்டுவந்து வாசிப்பார். அதில் விலையை ஏற்றியவர்களும் இருப்பார்கள், குறைத்தவர்களும் இருப்பார்கள், எவரும் ஓடியிருக்க மாட்டார்கள். கேட்டது நான் ஒருத்திதான். நான் கேட்டதிலேயே நல்ல பேச்சுகள் அவைதான்.

அவரை எடுத்துப் போகும் முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோடி கொண்டுவந்து போர்த்தினார்கள். நான் தேய்த்த சட்டை அதற்குள் மறைந்துபோனது. பேச்சிலிருந்து அவர் அடித்துத் தள்ளிய கோடியெல்லாம் அன்றைக்கு அவர் மேல் வந்து விழுந்ததுபோல் இருந்தது. வெளியே கட்சிக்காரர்கள் ஒட்டியிருந்த சுவரொட்டியில் "ஈடு செய்ய இயலாத இழப்பு ஏற்பட்டுள்ளது" என்று போட்டிருந்தது. "ஏற்பட்டுள்ளது" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். திரும்பினேன். வாலைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

சார் கொடுத்தது இரண்டு சட்டை. மைத்துனர் ஒன்றை வாங்கிப் போனார். இன்னொன்று நீலக்கோடு போட்டது. அதையும் தேய்த்து மடித்து வண்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது பங்கஜம் அம்மா கேட்டார், கொண்டுவருகிறேன் என்றேன். இதை எழுத உட்கார்ந்தபோது, "சாரின் சட்டை ஒன்று என்னிடம் தங்கிவிட்டது" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். சார் இருந்தால் அங்கே ஒரு முக்கோணம் போட்டிருப்பார்.

தங்கவில்லை. நான்தான் வைத்துக்கொண்டேன்.